அடுத்தவர் மண்ணில் ஓர் அரைஞாண்

நிலத்துக்காரர்களிடம் அனுமதி கேட்கப் போகும்போது மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவை இரண்டு நாய்கள். சிகாமட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் கம்பிக் கதவுக்கு முன்னால், நீளக் கம்பின் நுனியில் தட்டை மாட்டினது மாதிரி இருக்கும் அந்த மெட்டல் டிடெக்டரைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றேன். காவலுக்கு இருந்தவன் என்னைக் கேபிள் திருடி என்று நினைத்து நாய்களை அவிழ்த்து விட்டான். அறுபதை நெருங்குகிற பொம்பளை, போதாக்குறைக்கு முட்டி வலி வேறு. ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. காரில் உட்கார்ந்திருந்த என் மகன் கதவைத் திறந்துவிட்டானே தவிர, சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தம்போயில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டேன். காலையில் போகக் கூடாது, கடை திறக்கிற நேரத்தில் எவனும் நின்று பேசமாட்டான். சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற நேரமும் ஆகாது. வெறுங்கையோடு போகக் கூடாது, ஒரு டப்பா முறுக்காவது வேண்டும். 'தோண்டணும்' என்கிற வார்த்தையை வாயில் எடுக்கவே கூடாது, 'பார்க்கணும்' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் சரி. என்ன தேடுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அதை மட்டும் நான் கடைசிவரைக்கும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை.

நான் தேடியது என் மகளை.

அவள் எங்களுக்கு மூத்தது. மூன்று மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை வைத்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன், அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். நானும் என் வீட்டுக்காரரும் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பிறந்த முப்பதாம் நாள், முப்பது கும்பிட்டபோது, என் அப்பா வெள்ளியில் ஓர் அரைஞாண்கொடி வாங்கி வந்து அவள் இடுப்பில் கட்டினார். எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாரண முறுக்குக் கொடிதான். ஆனால் அந்தக் கொடி ஏறினதும் அவளுக்கு ஒரு பெரிய மனுஷித் தோரணை வந்துவிட்டதாக எனக்குத் தோன்றும்.

இரண்டே நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் விடிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவளைக் கழுவி, மஞ்சள் பூசி, முப்பதுக்கு எடுத்த சட்டையைப் போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றியது நான்தான். கொடி இடுப்பில் இருந்தது. என் விரலால் தடவிப் பார்த்தேன். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன்.

தோட்டத்துக்கென்று தனி மயானம் இருந்தது. பால்குடி மறக்காத பிள்ளைகளை அங்கே கொண்டு போகமாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள். தோட்டத்து எல்லையில் ஓடும் ஓடைக்கரையில் புதைத்துவிடுவார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது. பொம்பளைகள் போகவும் கூடாது. என் வீட்டுக்காரர் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். மண்வெட்டுகிற சங்கோலைத் தோளில் வைத்துக்கொண்டு அவருடைய அண்ணன் பின்னால் போனார். ஆண்கள் அவ்வளவு பேர்தான். நான் லயத்து வீடுகளின் கடைசித் தண்ணீர்க்குழாய் வரைக்கும் போனேன். அங்கே நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தவர் அந்தக் குழாயடியிலேயே குளித்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன், வாயையே திறக்கவில்லை. ஒரு பொட்டுக் கண்ணீர்கூட விடாத இந்த மனுஷன் மனுஷன்தானா என்று அன்றைக்கு நினைத்தேன். பல நாள் கழித்து, "ஓடைக்குப் பக்கத்துல, நல்ல நெழலு" என்றார். அதற்கு மேல் முப்பது வருஷத்துக்கும் அதிகமாக நான் எத்தனை தடவை கேட்டும், எத்தனை விதமாகக் கேட்டும், அழுது கேட்டும், சோறு போடாமல் கேட்டும், அவரிடமிருந்து வேறு பதில் வரவில்லை. பொம்பளைகள் போகக் கூடாதில்லையா என்பார், எழுந்து போய்விடுவார்.

பிறகு மகன் பிறந்தான். தோட்டத்தைக் கூறு போட்டு விற்றார்கள், நாங்கள் தம்போய்க்கு வந்தோம். அவர் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற பஸ் ஓட்டினார். நான் தெப்ராவ் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்த்தேன். என் வாய்க்கு அவர் காது சரியான ஜோடி என்று ஊரே கேலி பண்ணும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்த ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் போன துக்கமே ஆறவில்லை. அப்போது ஒரு கல்யாண வீட்டில் பழைய தோட்டத்துக்காரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். ஓடைப் பக்கமெல்லாம் தாமான் வரப்போகிறதாம், வரிசையாக வீடு கட்டப் போகிறார்களாம், மண்ணைத் தள்ளி மட்டமாக்கப் போகிறார்களாம். அவளுக்கு அது சும்மா பேச்சு. எனக்கு அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ரோடு போடுவான், கக்கூஸ் தொட்டி இறக்குவான். அதுக்கு அடியிலா என் பிள்ளை? எலும்பு மிச்சம் இருக்காது, எனக்கும் தெரியும். ஆனால் வெள்ளி மக்காது. அந்தக் கொடி கிடைக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, அவள் அப்பாவின் சாம்பலைக் கரைத்த கடலிலேயே கரைத்துவிட வேண்டும். புல்டோசர் வருவதற்குள் அதைச் செய்ய வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மெஷினை வாங்கித் தந்தது மகன். தினமும் சிங்கப்பூர் போய்வருகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவனுக்குத் தூக்கம். முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னான். "விடுங்கம்மா. இவ்வளவு வருஷம் கழிச்சு என்ன இருக்கப்போவுது?" என்றான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள் என்று ஆரம்பித்தேன். பாட்டு நிற்காது என்று தெரிந்ததும் போனை எடுத்து ஆர்டர் போட்டுவிட்டான்.

வந்த பெட்டியைப் பிரித்து, என் வெள்ளிக் குங்குமச்சிமிழைப் பூந்தொட்டி மண்ணுக்குள் புதைத்துச் சோதித்துப் பார்த்தோம். இரும்பென்றால் அது அடித்தொண்டையில் உறுமும். வெள்ளியென்றால் கீச்சென்று கத்தும், கைக்குழந்தை பாலுக்குக் கத்துகிற மாதிரி. சிமிழுக்கு அது சரியாகக் கத்தவில்லை. அலமாரியில் தன்னுடைய அரைஞாண்கொடி இருக்கிறதே, அதைப் புதைத்துப் பார்க்கலாமே என்றான் மகன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உயிரோடு இருக்கிறவன் கொடியை யாராவது மண்ணில் புதைப்பார்களா? செத்த பிள்ளையைத் தேடப் போகிற காரியத்துக்கு அதையா தொடுவது? வாயைக் கழுவு என்றேன். அதுவும் அது ஒரு ஒட்டுப்போட்ட கொடி. அவன் பிறந்தபோது அவன் அப்பா சிகாமட் ஆசாரியிடமிருந்து கொண்டுவந்தது. நடுவில் ஒட்டின தழும்பு அப்படியே தெரியும். யாரோ போட்டுக் கழற்றினதை உங்கள் தலையில் கட்டிவிட்டான், பார்த்து வாங்கத் தெரியாதா என்று பச்சை உடம்போடு நான் கத்தின கத்து லயம் முழுக்கக் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எப்போதும் அப்படித்தான்.

ஓடைக்கு இந்தப் பக்கம் அந்தச் செம்பனை நிலம், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளிக்குச் சொந்தம். அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மாவின் டுரியான் தோப்பு. இரண்டும் பழைய தோட்டத்தை வெட்டி விற்றபோது கைமாறினவை. சிகாமட் வெள்ளத்தில் ஓடை எத்தனையோ தடவை இடம் மாறியிருக்கிறது. ஆகையால் என் பிள்ளை எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சொல்ல முடியாது, இரண்டு பேரிடமும் கேட்டாக வேண்டும்.

நாய் துரத்தின மறுவாரம் தவுக்கேயின் கடைக்குப் போனேன். டவுனில் ஆணி, பெயின்ட், குழாய் எல்லாம் விற்கிற கடை. என் வயசுதான் இருக்கும் அவருக்கும். உண்மையைச் சொல்லாதே, பிணம் என்றால் பயந்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கே வேலை செய்தபோது என் தங்கச் சங்கிலி விழுந்துவிட்டது என்று மலாயில் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் தூங்கிக்கொண்டிருந்தாயா ஆண்ட்டி, இல்லை சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் புதைத்த தங்கத்துக்கு யாராவது வழி சொன்னார்களா என்று கேட்டுவிட்டு, கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். நமக்குத்தான் பொய் சொல்லவும் வராது, பொறுமையும் கிடையாதே. சங்கிலியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, உங்கள் நிலத்தில் என் பிள்ளையைப் புதைத்திருக்கிறது, அதைத் தேட வந்தேன் என்று கடை அதிரக் கத்திவிட்டேன்.

சிரிப்பு நின்றது. தவுக்கே எழுந்து வந்து எனக்கொரு நாற்காலி போட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. வருஷா வருஷம் சிங் மிங்குக்கு அப்பா அம்மாவின் சமாதியைக் கூட்டிப் பெருக்கிச் சோறு வைக்கிறவராம். என் மனசு அவருக்குப் புரிகிறதாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆண்ட்டி, உள்ள எலும்பு இருக்குன்னு ஒரு பேச்சு கிளம்பினா இந்த நிலத்தை எவன் தொடுவான்? வேலை நின்னுடும். என் பிள்ளையா இருந்தா நானும் தேடுவேன். ஆனா முடியாது."

முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டார், நன்றியும் சொன்னார். அனுமதி மட்டும் கிடையாது. காரில் ஏறினதும் நான் அழுத அழுகையைப் பார்த்து மகன் வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

டுரியான் தோப்புக்கார மலாய் அம்மாவை மக்சிக் என்று கூப்பிட்டேன், அவரிடம் பொய் சொல்லவில்லை. ஒரு தடவை பட்டது போதும். கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "ஆணா, பொண்ணா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. செத்த பிள்ளையைப் பற்றி யார் கேட்பார்கள்? நான் மெஷின் வாங்கினது தெரிந்ததும் எங்கள் ஆட்கள் கேட்டது என்ன தெரியுமா, கனவில் வந்து லாட்டரிக்கு நாலு நம்பர் ஏதாவது சொன்னதா என்று. பொண்ணு என்றேன். மக்சிக் என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பால்குடியிலேயே போகிற பிள்ளைகள் சொர்க்கத்தின் வாசலில் நின்றுகொண்டே இருக்குமாம், அம்மா வந்தால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகுமாம், அவர்கள் மதத்தில் அப்படிச் சொல்வார்களாம். எங்கள் பக்கத்தில் எனக்கு யாரும் எந்த வாசலையும் சொல்லவில்லை. டுரியான் வேரை மட்டும் வெட்டிவிடாதே, மற்றபடி எங்கே வேண்டுமானாலும் தேடிக்கொள் என்றார். அனுமதி கேட்க நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பாதிப் பேச்சு வாயிலேயே தங்கிவிட்டது.

தோப்பு முடிந்து ஓடைக்கரை தொடங்குகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். முள் குத்தும் என்றான் மகன். எந்த இடத்தில் அவள் படுத்திருக்கிறாளோ தெரியாது, செருப்புக் காலோடு எப்படி நடப்பேன்? பொம்பளைகள் போகக் கூடாத இடத்துக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போனேன். அங்கே பயமும் இல்லை, பேயும் இல்லை. கொசுதான் இருந்தது.

மெஷின் நிறையவே சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ரப்பர்ப் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தை மரத்தோடு கட்டுகிற கம்பிகள், சார்டின் டின், முள்வேலித் துண்டு, யாரோ குடித்துப் போட்ட பாட்டில் மூடிகள். சங்கோலை மகன் கையில் கொடுக்கவில்லை. ஓங்கி வெட்டினால் பிள்ளைக்கு வலிக்கும் என்று எனக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம். விரலாலும் சோற்றுக் கரண்டியாலும்தான் மண்ணை விலக்கினேன். ஒரு தடவை கீச்சென்ற சத்தம் வந்துவிட்டது. நான் குப்புற விழுந்து மண்ணைப் பறித்தேன், மகனும் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தான். சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளிக் காகிதம். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தலையை நிமிர்த்தினபோது ஓடைக்கு அந்தப் பக்கம், செம்பனை ஓரத்தில், தவுக்கே நின்றுகொண்டிருந்தார். குலை வெட்டுகிற கணக்கைப் பார்க்க வந்தவராக இருக்கும். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி எங்கள் பக்கம் வந்தார். என் கையைப் பார்த்தார், நகக்கண்ணெல்லாம் மண்ணும் ரத்தமும். அந்தக் காகிதத்தையும் பார்த்தார்.

"சரி, நம்ம பக்கமும் பாரு ஆண்ட்டி," என்றார். "ஆனா ஒண்ணு. கிடைச்சா சத்தம் போடக் கூடாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தம் போடாம எடுத்துக்கிட்டுப் போயிடணும்."

பெற்ற பிள்ளையைச் சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு போ என்று சொல்கிறார். வேறு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு நான் அவருடைய ஈரக்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சீனப் பெருநாள் முடிந்ததும் மண் தள்ளுகிறவர்கள் வந்துவிடுவார்கள், அதுவரைக்கும்தான் என்றார். நாய்களைக் கட்டிப்போடவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறுகள் ஓடின. செம்பனைக்கு அடியில் வெளிச்சம் குறைவு, மட்டை வெட்டிப்போட்ட குவியல் வேறு. எங்கே தட்டை வைத்தாலும் இரும்பு. அப்போதுதான் மகன் ஃபேஸ்புக்கில் எப்படியோ துழாவி என் மூத்தாரின், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணனின், பேத்தியைக் கண்டுபிடித்தான். தோட்டம் விற்றதும் வடக்கே கெடா பக்கம் பிழைக்கப் போனவர் மூத்தார். இரண்டு குடும்பத்துக்கும் தொடர்பு அறுந்து, தம்பியின் சாவுச் செய்தியைச் சொல்லக்கூட எங்களிடம் நம்பர் இல்லை. சங்கோலைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குப் பின்னால் போன அந்த மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கேட்டதும் நம்பரை வாங்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறே, செம்பனை நிலத்தில் நின்றுகொண்டு, வீடியோவில் அவரைக் கூப்பிட்டோம்.

படுக்கையில் சாய்ந்திருந்தார், பல்லெல்லாம் போய் முகம் சுருங்கியிருந்தது. தம்பி போன சேதியைக் கேட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு நான் போனைத் திருப்பி ஓடையைக் காட்டினேன், மேட்டைக் காட்டினேன், இதா மாமா, இங்கேயா மாமா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே நடந்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, அப்போது பெரிய பலாமரம் ஒன்று இருந்தது, இப்போது எல்லாமே மாறிப்போய்விட்டது என்றார். பரவாயில்லை மாமா, மெஷின் இருக்கிறது, பாப்பா இடுப்புக் கொடியை அது எப்படியும் காட்டிக் கொடுத்துவிடும் என்றேன்.

 லைன் போய்விட்டது என்று நினைத்து மகன் போனை ஆட்டினான்.

"கொடி அங்க இல்லம்மா," என்றார். "பொணத்தோட கொடிய அனுப்புவாங்களா? குழிக்கிட்ட வச்சு நாந்தான் அறுக்கணும்னேன். அவனால முடியல. பால்மரம் வெட்டுற கத்தியால நானே அறுத்தேன். அவன் எங்கிட்ட இருந்து புடுங்கிக்கிட்டான். ரெண்டு கையாலயும் மண்ணத் தள்ளணும்ல, அதனால கொடியப் பல்லுல கடிச்சுக்கிட்டுத் தள்ளுனான். வீடு வர்ற வரைக்கும் வாயில இருந்து எடுக்கல."

போகும்போது அரைஞாண் கயிறுகூடக் கூட வராது. இதைச் சொல்லாத தமிழர் வீடு உண்டா? பணக்காரச் சொந்தக்காரர்களைப் பார்த்து நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். சும்மா பேச்சுக்குச் சொல்கிற பழமொழி என்று நினைத்திருந்தேன். குழியடியில் நின்று நிஜமாகவே அதை அறுத்து எடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எந்தப் பொம்பளையை அங்கே விட்டார்கள்? பால்குடிப் பிள்ளைக்கும் அந்தச் சட்டம்தானா என்று மாமாவிடம் கேட்க நினைத்தேன். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று மட்டும் சொன்னேன்.

காரில் ஏறித் திரும்பினோம். அம்மா, எதுவாச்சும் திட்டுங்கம்மா என்று மகன் இரண்டு தடவை சொன்னான். ஹைவேயில் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்கு அந்த ஒட்டு ஞாபகம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அலமாரிக்குப் போனேன். என் கூறைப்புடவைக்கு அடியில் பழைய பவுடர் டப்பா, அதற்குள் மகனின் கொடி. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில், கத்தி பட்ட இடத்தில், ஆசாரி ஒட்டிக் கொடுத்த தழும்பு. அதற்குச் சற்றுத் தள்ளி இரண்டு சின்னப் பள்ளம், பல் பட்ட மாதிரி. இத்தனை வருஷமாக எத்தனை தடவை புளி போட்டு விளக்கியிருப்பேன். அந்தப் பள்ளத்தை நான் பார்த்ததே இல்லை.

யாரோ போட்டுக் கழற்றினது என்று கத்தினேனே. யாரோ இல்லை. அவர் ஆசாரியிடம் வாங்கவில்லை, அவளுடையதையே ஒட்ட வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாரா, இல்லை, செத்த பிள்ளையின் கொடியை உயிரோடு இருக்கிறதுக்கு எப்படிக் கட்டுவாய் என்று வாசலில் தூக்கி எறிந்துவிடுவேன் என்று பயந்தாரா? எறிந்திருப்பேன். என் வாயும் என் கோபமும் அவருக்குத் தெரியாதா? அதனால்தான் திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு, அக்காவைத் தம்பி இடுப்பில் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அந்தக் கொடியோடுதான் இவன் தவழ்ந்தான், நடந்தான். அவள் அப்பா அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் பார்க்காமல் இருந்தேன். ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாமே.

கொடியைக் கட்டிலில் வைத்தேன். மகனைக் கூப்பிட்டு மெஷினை எடுத்துவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்து வந்தான். ஸ்விட்சைப் போட்டுத் தட்டைக் கொடிக்கு மேலே கொண்டுபோனேன். கீச்சென்று கத்தியது. நான் தட்டை நகர்த்தவில்லை. அது கத்திக்கொண்டே இருந்தது, நானும் அழுதுகொண்டே இருந்தேன், கடைசியில் மகன்தான் குனிந்து ஸ்விட்சை அணைத்தான்.

மறுநாள் தவுக்கே போன் பண்ணினார். பெருநாள் முடிந்துவிட்டது, மண் தள்ளுகிறவர்கள் நெருக்குகிறார்கள்.

"கிடைச்சுதா ஆண்ட்டி?" என்றார்.

கொடி என் கையில்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் இன்னும் ஒரு வாரம் தருவார், அவர் மனசு எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அங்கே மெஷினுக்குத் தெரிகிற மாதிரி அவளிடம் ஒன்றும் கிடையாது. மண்ணோடு மண்ணாகிவிட்ட பிள்ளையை எந்த மெஷின் காட்டும்?

"கிடைச்சது தவுக்கே," என்றேன். "நீங்க சொன்ன மாதிரியே சத்தம் போடாம எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அவர் மூச்சு விட்டது போனில் கேட்டது. நல்லது, நல்லது என்று இரண்டு தடவை சொன்னார். சாமி கும்பிட்டுவிடு ஆண்ட்டி என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். அப்படியென்றால் நாளைக்குப் புல்டோசரை இறக்கச் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். அவருடைய நிலம், அவருடைய புல்டோசர். அவர் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

என் பிள்ளை அங்கேதான் படுத்திருந்தாள்.

"இறக்குங்க தவுக்கே," என்றேன்.